குச்சி வைக்காத அடுக்கு

பக்கவாதம் வந்த நாளிலிருந்து என் கணவருக்குப் பேச்சு இல்லை. அதைவிடக் கொடுமை, அழ வேண்டிய நேரத்திலெல்லாம் சிரிப்பு வருகிறது. மூளைக்குள் ஏதோ கோளாறு என்றார் டாக்டர். வலித்தாலும் சிரிப்பு, கோபம் வந்தாலும் சிரிப்பு. அவருடைய தம்பிகளிடம் பத்துத் தடவை சொல்லியாகிவிட்டது. அவர்கள் நம்பினால்தானே!

ஞாயிற்றுக்கிழமை காலை, அறுவை மில்லிலிருந்து பலகைகள் வந்து இறங்கின. படுக்கையில் விழுவதற்கு முன் அவரே பார்த்து வாங்கிய மரம். எங்கள் அறைக்குக் கதவு செய்ய. ஊரில் பாதி வீட்டுக்குக் கதவு செய்த தச்சர்தான், ஆனால் எங்கள் அறைக்கு இருபது வருஷமாகத் திரைச்சீலை. முன்பெல்லாம் அதைச் சொல்லியே அவரைக் கிண்டல் செய்வேன். இப்போது அந்தத் திரைக்குப் பின்னால்தான் அவரைத் துடைத்துவிடுகிறேன், துணி மாற்றுகிறேன். கூடத்தில் யாராவது நடந்தால் போதும், அவர் உடம்பு விறைத்துப்போகும்.

பலகை மண்ணில் படாமலிருக்க, பழைய பெட்டிகளை உடைத்து அவர் அடித்த நான்கு பேலட் தட்டுகள் கொட்டகையில் தயாராக இருந்தன. ஒவ்வொரு வரிசைக்கும் நடுவில் வைக்க, விரல் கனத்தில் சீவிய குச்சிகளும் இரண்டு கட்டு இருந்தன. பச்சைப் பலகை காய ஒரு வருஷம் ஆகும், அதுவரை நடுவில் காற்று ஓட வேண்டும். ஓடாவிட்டால் பூஞ்சை பூத்து, முறுக்கிக்கொண்டு, கடைசியில் விறகுக்குத்தான் ஆகும். இது அவருக்குத் தெரியும், கூடவே இருந்து குச்சி வைத்த எனக்கும் தெரியும்.

வேலைக்கு வந்தவர்கள் என் கொழுந்தன்மார். பெரியவன் வேன் ஓட்டுகிறான், சின்னவன் செல்போன் கடை வைத்திருக்கிறான். மரத்துக்கும் அவர்களுக்கும் உள்ள உறவு நாற்காலியில் உட்காருவதோடு சரி. சின்னவன் அந்தக் குச்சிக் கட்டின்மேல் உட்கார்ந்துதான் டீ குடித்தான்.

"தம்பி, நடுவுல குச்சி வைக்கணும்," என்றேன்.

"இடைவெளி விட்டா மழைத்தண்ணி பூந்துடும் அண்ணி. நீங்க போய் ரெஸ்ட் எடுங்க."

நானே மூன்று குச்சிகளைக் கொண்டுபோய் வைத்தேன். பெரியவன் அவற்றை எடுத்து மரியாதையாக என் கையில் கொடுத்தான். "அடுக்கு ஆடும் அண்ணி."

கொட்டகை ஓரமாக நாற்காலியில் உட்கார வைத்திருந்த என் கணவர் சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கியது, வாயோரம் எச்சில் வழிந்தது.

"அண்ணனைப் பாருங்க, எவ்ளோ சந்தோஷம்!" என்றான் சின்னவன்.

"சந்தோஷம் இல்லப்பா, கோபம். தப்பா அடுக்கறீங்கன்னு சொல்றாரு."

"அப்படியாண்ணே? நல்லா இல்லியா?" என்று பெரியவன் அவரையே கேட்டான். அவர் இன்னும் பலமாகச் சிரித்தார். "பாத்தீங்களா அண்ணி?"

பலகைமேல் பலகை விழுந்த ஒவ்வொரு தடவையும் அவர் சிரித்தார். எனக்குத் தாங்கவில்லை. "போதும், சிரிக்காதீங்க! நீங்க சிரிக்கச் சிரிக்க அவங்க அடுக்கிட்டே போறாங்க!" என்று அவரிடமே கத்திவிட்டேன்.

பெரியவன் பலகையைக் கீழே வைத்தான். "நாங்க வர்றப்பதான் மனுஷன் வாய்விட்டுச் சிரிக்கறார். அதையும் கெடுக்கணுமா அண்ணி?" அவன் கண் கலங்கியிருந்தது. அண்ணன்மேல் உயிரையே வைத்திருப்பவனிடம் நான் என்னத்தைச் சொல்ல? அவர்கள் போனபிறகு பிரித்து அடுக்கலாம் என்றால், ஈரப் பலகை ஒன்றைத் தூக்கவே இரண்டு பேர் வேண்டும். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்தது. தார்ப்பாயைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். "இனிமே காத்துகூடப் புகாது அண்ணி," என்றான் சின்னவன்.

அவருடைய லுங்கி நனைந்திருந்தது. உள்ளே கூட்டிக்கொண்டுபோய், திரையை இழுத்துவிட்டு, கட்டிலில் உட்கார வைத்து அவிழ்த்தேன். துண்டை நனைத்துப் பிழிந்துகொண்டிருந்தபோது திரை விலகியது. இரண்டு தம்பிகளும் வாசலில் நின்றார்கள்.

"கிளம்பறோம்ணே."

அவர் நல்ல கையை நீட்டி, கழற்றிப்போட்ட லுங்கியை எடுத்துத் தன்னை மறைத்துக்கொள்ளப் பார்த்தார். கை அவ்வளவு தூரம் போகவில்லை. அப்புறம் சிரிப்பு வந்தது, நிற்கவேயில்லை.

"அடுத்த வருஷம் கதவு வந்துடும்ணே," என்றான் சின்னவன், தானும் சிரித்துக்கொண்டே.