உள்மடிப்பு

இஸ்திரிப்பெட்டி சூடேறட்டும் என்று சின்னவர் காத்திருந்தார். பின்னறையில் சாப்பாட்டு மேசைமேல் ஒரு பழைய போர்வையை மடித்துப் போட்டு, அதன்மேல் அண்ணி கொடுத்த விரிப்பைப் பரப்பியிருந்தார். முன்னறையில் அவருடைய அண்ணன் கட்டிலில் கிடத்தப்பட்டிருந்தார். காலையில் காபி ஆறுகிறதே என்று அண்ணி எழுப்பப் போனபோது அவர் எழவில்லை, அவ்வளவுதான். படுக்கையில் விழாமல், யாருக்கும் பாரமாக இல்லாமல் போய்ச் சேர்ந்தார் என்று வந்தவர்கள் எல்லோரும் ஒரே பாடத்தை ஒப்பித்துவிட்டு நாற்காலி தேடினார்கள்.

சாயங்காலம் வண்டி வந்துவிடும். அதற்குள் உடம்பின்மேல் போர்த்த ஏதாவது வேண்டும். அலமாரியின் அடித்தட்டில் கையை விட்டு அண்ணி இதைத்தான் இழுத்தெடுத்தாள்.

“வீட்ல அவர் தச்சது இது ஒண்ணுதான் இருக்கு தம்பி. மத்ததெல்லாம் வித்துப் போச்சு. சுருங்கிக் கெடக்கு, கொஞ்சம் தேய்ச்சுக் குடுங்க.”

அதைப் பார்த்ததுமே சின்னவரின் முகம் சுண்டிப்போனது. வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்க வாயெடுத்தார். இந்த நேரத்தில் அதைக் கேட்பது நன்றாக இருக்காது என்று விட்டுவிட்டார்.

பெரியவர், சின்னவர் என்றால்தான் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அண்ணன் தம்பி சேர்ந்து நடத்திய கடை. துண்டுத்துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒன்றோடொன்று மூட்டி, அடியில் பஞ்சும் அதற்கடியில் ஒரு முழுத்துணியும் வைத்துக் கட்டில் விரிப்புகள் தைத்தார்கள். மெஷின் பெரியவருடையது, இஸ்திரி மேசை சின்னவருடையது. பெரியவர் மூட்டித் தள்ளும் துணியின் பின்பக்கம் ஒவ்வொரு தையலிலும் விரற்கடை அகலத்துக்கு உள்மடிப்பு நீட்டிக்கொண்டிருக்கும். சின்னவர் அதை ஒரே பக்கமாகச் சாய்த்து அமுக்கித் தர வேண்டும். மடிப்பு சாய்ந்த பக்கம் முன்னால் லேசாக மேடாகும், மறுபக்கம் பள்ளமாகும். அந்த மேட்டை ஒட்டி, பள்ளத்துக்குள்ளேயே ஊசியை ஓட்டிப் பெரியவர் மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைத்துவிடுவார். நூல் எங்கே ஓடுகிறது என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் அகப்படாது. அதில் அவருக்குத் தலைகால் புரியாத பெருமை.

“தேய்க்காதடா,” என்பார் அந்தக் காலத்தில். “இழுத்தா உள்மடிப்பு புரண்டுக்கும். வை, அமுக்கு, தூக்கு. அப்புறம் அடுத்த இடம். உனக்கு என்ன ரயிலா கெளம்பப் போகுது?”

சொல்லிச் சொல்லி, பிறகு சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. சின்னவரின் மேசையிலிருந்து வரும் துணியைப் பெரியவர் திருப்பிப் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

இந்த விரிப்பு போன வருஷத்தது. கட்டில்கடைக்காரர் தன் கடையில் பார்வைக்கு வைக்க என்று கேட்டுத் தைத்தது. எப்படி வருகிறது என்று பார்க்க அவர் நேரில் வந்த அன்று உள்ளே தையல் எல்லாம் முடிந்து, நாலு ஓரத்திலும் பட்டை கட்டுவது மட்டுமே பாக்கி. விரித்துக் காட்டினார்கள். இரண்டடி நேராக ஓடிவந்த நூல் திடீரென்று பள்ளத்தை விட்டுக் கரைமேல் ஏறி நின்றது. கொஞ்ச தூரம் போய்த் திரும்பவும் இறங்கியது. ஒரு இடத்தில் அல்ல, விரிப்பு முழுக்க அங்கங்கே.

“என்னங்க இது, குடிச்சிட்டுத் தச்ச மாதிரி இருக்கு?” என்றார் கட்டில்கடைக்காரர்.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் சின்னவர் முந்திக்கொண்டார்.

“ஒத்துக்கோங்கண்ணே. உங்க கை போச்சு. இனிமே மெஷின்ல உட்காராதீங்க, கடை பேரு கெட்டுப்போகும்.”

பெரியவர் மெஷினுக்கு உறை மாட்டினார், விரிப்பைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். மறுநாளிலிருந்து வரவில்லை. சின்னவர் ஆள் வைத்துக்கொண்டார். முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும் என்று பார்த்தவர்களிடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்லவும் செய்தார். கேட்டவர்களும் தலையாட்டினார்கள்.

பெட்டி சூடாகிவிட்டது. சின்னவர் இடது கையால் துணியை நீவிக்கொண்டே வலது கையால் பெட்டியை வைத்தார், அமுக்கினார், தூக்கினார். சாவு வீட்டிலும் கை தன் பழக்கத்தை விடவில்லை. முதல் கோணல் வந்த இடத்தில் இடது கை சற்று நின்றது. விரலுக்கடியில் மேடு இந்தப் பக்கம் இருந்தது, அரை சாண் தள்ளி அந்தப் பக்கம் இருந்தது. அடுத்த கோணலுக்குப் போனார். அங்கேயும் அப்படித்தான். நேராக ஓடிய தையலைத் தடவிப் பார்த்தார். மேடு ஒரே பக்கமாக, ஒழுங்காக இருந்தது. மூன்றாவது கோணலைத் தொடுவதற்கே அவருக்குப் பயமாக இருந்தது.

பெட்டியை நிமிர்த்தி வைத்தார். பட்டை கட்டாத ஓரத்தில் மேல்துணியைப் பஞ்சிலிருந்து பிரித்துத் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் உள்ளே பார்த்தார். இடது பக்கம் சாய்ந்து வந்த உள்மடிப்பு நடுவழியில் முறுக்கிக்கொண்டு வலது பக்கம் புரண்டு, புரண்டபடியே அழுந்திப் பளபளத்தது. வைத்து எடுத்த துணி அப்படிப் புரளாது. இழுத்துத் தேய்த்த துணிதான் புரளும்.

இந்த விரிப்பைத் தைத்த வாரம்தான் புது ஸ்டீம் பெட்டி வாங்கியிருந்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே இழுப்பு, புஸ்ஸென்று ஒரு வரிசை முடிந்துவிடும். பக்கத்துக் கடைக்காரர்களைக் கூப்பிட்டு வேடிக்கை காட்டினார். பெரியவரின் கை எப்போதும்போல மேட்டோரத்தைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறது. மேடே இடம் மாறினால் கை என்ன செய்யும்?

சின்னவருக்குத் துணி இல்லாமல் தெருவில் நிற்பதுபோல இருந்தது.

முன்னறையில் கட்டில்கடைக்காரரின் குரல் கேட்டது. “தங்கமான தொழிலாளி. கடைசில கைதான் ஒத்துழைக்கல, பாவம். தம்பியே சொன்னாரே.”

“ஆச்சா தம்பி?” என்று அண்ணி உள்ளே வந்தாள். காலையிலிருந்து நின்ற கால். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “இதை அவர் தூக்கிப் போட்டுடுவார்னு நெனச்சேன். போடல. தெனம் சாப்பிட்டதும் வீட்டு மெஷின்ல உட்கார்ந்து பழைய துணில கோடு கோடாத் தைப்பார். நூல் பிடிச்ச மாதிரி நேரா வரும். ‘பாரு, நேராத்தானே வருது, இந்த விரிப்புல மட்டும் ஏன் வரல’ன்னு என்னைக் கேப்பார். எனக்கு என்ன தெரியும்?”

“உள்ள பார்க்கலையா அண்ணி?”

“எதுக்குள்ள?”

“இந்த விரிப்புக்குள்ள. ஓரத்தைத் தூக்கினா தெரியுமே.”

“நான் ஒருநாள் கேட்டேன், இஸ்திரில ஏதாவது இருக்கப் போகுதுன்னு. அன்னைக்கு வந்துச்சே ஒரு கோவம். ‘தம்பி இஸ்திரியைப் பத்திப் பேசாத. இத்தனை வருஷத்துல நான் திருப்பிப் பார்த்ததே இல்ல’ன்னார். அதோட அந்தப் பேச்சை விட்டுட்டேன்.”

சின்னவர் விரிப்பை மடித்தார். மடிக்க ஏன் இவ்வளவு நேரம் என்று அவருக்கே தோன்றியது. வாயை மூடிக்கொண்டு கொடுத்துவிட்டால் போதும். இன்னும் கொஞ்ச நேரத்தில் விரிப்பு அண்ணனோடு போய்விடும், பிறகு யாரும் எந்த ஓரத்தையும் தூக்கிப் பார்க்க முடியாது. அண்ணி எழுந்து கையை நீட்டினாள். அவர் கொடுத்தார். ஆனால் பிடியை விடவில்லை.

“அண்ணி, தப்பு அவர் கையில இல்ல.”

ஓரத்தை விரித்துக் காட்டினார். புரண்ட மடிப்பில் அவள் விரலை எடுத்து வைத்து, இது இப்படிச் சாய்ந்திருக்க வேண்டும், இப்படிப் புரண்டிருக்கிறது, நான்தான் இழுத்துத் தேய்த்தேன் என்று சொன்னார். அண்ணிக்குத் தொழில் தெரியாது. விரலை மெதுவாக அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நகர்த்திப் பார்த்தாள்.

“அப்ப அவர் கை?”

“நல்லாத்தான் இருந்துச்சு.”

“கண்ணு?”

“அதுவும்.”

“உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“இப்பத்தான் அண்ணி. சத்தியமா இப்பத்தான்.”

அவள் அவரைப் பார்த்தாள். நாலு வார்த்தை திட்டிவிட மாட்டாளா என்று இருந்தது அவருக்கு.

“அன்னைக்கே தூக்கிப் பார்த்திருக்கலாமே தம்பி,” என்றாள்.

அவள் விரிப்பை வாங்கிக்கொண்டு முன்னே நடந்தாள். அவர் பின்னால் போனார்.

இருவரும் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துப் போர்த்தினார்கள். நெஞ்சின்மேல் கோத்திருந்த கைகளையும் மூடி, கழுத்துவரை இழுத்துவிட்டார் சின்னவர். கட்டில்கடைக்காரருக்கு விரிப்பு அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். பார்வையை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அண்ணி தலைமாட்டில் உட்கார்ந்தாள். குனிந்து, பெரியவரின் காதருகே வாயை வைத்து ஏதோ சொன்னாள். சுருக்கமாகச் சொல்லவில்லை. சொல்லி முடித்தபின் நிமிர்ந்தாள். பிறகு விரிப்பைக் கழுத்திலிருந்து நெஞ்சுவரை இறக்கி, விறைத்திருந்த அவர் கைகளைச் சிரமப்பட்டுக் கொஞ்சம் தூக்கி, துணியை அவற்றுக்கு அடியில் செருகி, கைகள் மேலே இருக்கும்படி வைத்தாள்.