யாவோருக்கு ஒரு சாண்

யாவோர் என்று பேருள்ள ஒருவர் உலகத்தின் எந்த மூலையில் செத்தாலும், யாவோர் என்ற ஊர் அன்றைக்கு ஒரு சாண் கீழே இறங்கும். அந்தப் பேரில் ஒரு பிள்ளை பிறந்தால் ஒரு சாண் ஏறும். மொராவிய மேட்டு நிலத்தில் பதினோரு வீடும் ஒரு சின்னக் கோயிலும் ஒரு கருங்கல் குவாரியும்தான் ஊர். வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் குடும்பப் பேர் யாவோர். எதிர்மலைக்கு அந்தப் பக்கத்து ஊரின் கோபுர உச்சியில் ஒரு தகரச் சேவல் இருந்தது. குவாரிக்குப் போகிறவர்கள் காலையில் கோயில் படியில் நின்று அதைப் பார்ப்பார்கள். முழுச் சேவலும் தெரிந்தால் ஆள் கூடியிருக்கிறது, கொண்டை மட்டும் தெரிந்தால் குறைந்திருக்கிறது. உள்ளூரில் சாவு விழாமலே ஊர் இறங்கியிருந்தால், முகம் தெரியாத ஏதோ ஒரு யாவோர், சிகாகோ கசாப்புக் கடையிலோ, ஏதாவது சிறையிலோ, கண்ணை மூடிவிட்டான் என்று அர்த்தம். அவனுக்காகக் கோயில் மணியை அடிப்பது ஹெத்விகாவின் வேலை. நல்லவனா கெட்டவனா என்று விசாரிக்கிற வழக்கம் கிடையாது. தொப்பியைக் கழற்றி, திரும்பப் போட்டுக்கொண்டு, கல்லுடைக்கப் போய்விடுவார்கள். பெண்கள் வெளியூரில் கட்டிக்கொடுக்கப்பட்டுப் புருஷன் பேருக்கு மாறினாலும் ஊர் ஒரு சாண் இறங்கும். அதனால் அங்கே கல்யாண வீட்டில் அழுகை கொஞ்சம் கூடுதல்.

வ்லஸ்தாவின் வீடு சரிவில் கடைசி வீடு, ஓடைக்கரையில் எல்லா வீட்டையும்விடத் தாழ்ந்தது. பதினாலு வயதில் குவாரிக்குப் போனவள் அவள். சதுரமாக உடைத்த கல்லைத் தள்ளுவண்டியில் அடுக்குகிற வேலை. முப்பத்தொன்றாம் வயதில் அவள் உள்ளங்கையில் தீக்குச்சியை உரசிப் பற்றவைக்கலாம் என்று ஆண்கள் கேலி பேசுவார்கள். ஒருவன் உரசியும் பார்த்தான், பற்றியது. அப்பா மத்தேய் நெஞ்சு நிறையக் கல்தூசியோடு அடுப்போரம் உட்கார்ந்து, மூச்சை எண்ணி எண்ணிச் செலவழித்துக்கொண்டிருந்தார். கீழே ஆற்றில் கட்டிவந்த அணை அந்த வருடம் முடிகிற நிலைக்கு வந்தது. தண்ணீர் எதுவரை நிற்கும் என்று காட்ட மலையைச் சுற்றி வெள்ளைக் கம்பங்கள் நட்டார்கள். அளக்க வந்த பொறியாளர் வாரத்துக்கு ஒரு தடவையாக மூன்று தடவை அளந்தார். மூன்று அளவும் மூன்று விதமாக வந்தது. கருவியின் காலை உதைத்துவிட்டு, வ்லஸ்தாவின் வாசற்படிக்கு இரண்டு சாண் கீழே தண்ணீர் நிற்கும் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். கம்பங்களுக்குக் கீழே இருந்த ஊர்க்காரர்களுக்கு நகரத்தில் வீடு கிடைத்தது. யாவோர் மேலே இருந்ததால் அதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவர்களும் கேட்கவில்லை. குவாரி இங்கே இருந்தது.

அலோய்ஸ் குபாத் அணைக்கட்டில் கிரேன் ஓட்டியவன். கல் ஏற்ற வந்த இடத்தில் வ்லஸ்தாவைப் பார்த்தான். அவள் கையிலிருந்த கல்லை வாங்கி அவனே வண்டியில் வைத்தான். பதினேழு வருடத்தில் அப்படி ஒருத்தன் செய்தது அதுதான் முதல் தடவை. அறுவடை முடிவதற்குள் அவள் வயிற்றில் பிள்ளை. வேறு ஊராக இருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பார்கள். இங்கே வாத்துக் கொழுப்பும் முட்டையும் வீடு தேடி வந்தன.

"பெத்துக்கோ, தாராளமா பெத்துக்கோ. கல்யாணம் மட்டும் வேணாம்டி," என்றாள் ஹெத்விகா. "கட்டாமப் பெத்தா பிள்ளைக்கு உன் பேரு. ஊருக்கு ஒரு சாண் மேல. கட்டிக்கிட்டா நீயும் போச்சு, பிள்ளையும் போச்சு. உன் வாசல் முழுகினா அடுத்தது என் வாசல்."

"அப்பா, கேட்டியா? ஊரே கூடி என்னைக் கெட்டுப்போகச் சொல்லுது."

மத்தேய் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு ஒரு வாரத்து மூச்சு செலவாயிற்று.

"பதினாலு வயசுலேருந்து இந்த ஊருக்குக் கல்லு தூக்கறேன் சித்தி. இனி ஊரையே தூக்கச் சொல்றியா?" என்றாள் வ்லஸ்தா.

அப்புறம் ஊர்க்காரர்கள் அலோய்ஸிடம் போனார்கள். பெண்டாட்டி பேரை எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது, எடுத்துக்கொள் என்றார்கள். சொன்ன அதே வாயால், அப்படி எடுத்துக்கொள்கிறவன் பாவாடையும் கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று சிரித்தார்கள். அலோய்ஸ் குடித்துக்கொண்டிருந்த பீரைக் கீழே வைத்தான். "எங்கப்பன் எனக்கு விட்டுட்டுப் போனது ஒரு கோட்டும் ஒரு பேரும். கோட்டை எலி தின்னுடுச்சு," என்றான். 

கல்யாணம் நகர மன்றத்தில் நடந்தது. வ்லஸ்தா கையெழுத்துப் போட்டாள், ஒன்றும் ஆகவில்லை. குமாஸ்தா, "குபாதோவா அம்மா, இந்தப் பக்கம் வாங்க," என்று குபாத் வீட்டுப் பெண்களுக்கு உரிய பேரால் கூப்பிட்டார். அவள் திரும்பிப் பார்த்தாள். அந்த நொடியில் யாவோரில் அலமாரித் தட்டுகள் கலகலத்தன, ஹெத்விகாவின் பானையிலிருந்து சூப் தளும்பி அடுப்பில் சீறியது. கல்யாணக் கூட்டம் திரும்பி வந்தபோது மேட்டுப் பாதை ஒரு எட்டு குறைந்திருந்தது. 

வசந்தத்தில் தண்ணீர் வந்தது. பழைய ஆலையும் செர்ரித் தோப்பும் மெல்ல உள்ளே போயின. பூத்த கிளைகள் பூவோடே போயின. கொஞ்ச நாள் அடியில் வெள்ளையாகத் தெரிந்துகொண்டிருந்தன. ஆனெஷ்கா பிறந்தாள், குபாதோவாவாக. ஊர் அசையவில்லை. கோடையில் மத்தேய் மிச்சமிருந்த மூச்சையும் செலவழித்துவிட்டார். ஊர் ஒரு சாண் இறங்கியது, தண்ணீர் வாசற்படியை நக்கியது. அலோய்ஸ் வாசலில் கல்வரிசை கட்டினான். நவம்பரில் ஒரு நண்பகலில் எங்கோ ஒரு யாவோர் செத்தான். தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை, தரைப் பலகைகளுக்கு இடையில் பூத்துக்கொண்டு வந்தது. கணுக்காலுக்கு மேலே குளிர்ந்த நீரில் நின்ற வ்லஸ்தா மணிச்சத்தம் கேட்டு, அந்த முகம் தெரியாதவனுக்காகச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அலோய்ஸ் வேலை முடிந்து வந்தபோது, மாவு பிசைகிற மரத்தொட்டியில் ஆனெஷ்கா சமையலறை முழுக்க மிதந்துகொண்டிருந்தாள். அவளுக்கு ரொம்ப சந்தோஷம். வ்லஸ்தா உருளைக்கிழங்கு மூட்டையை மேசைமேல் ஏற்றிக்கொண்டிருந்தாள்.  "பிடி, அந்த முனையை," என்றாள். அவன் பிடித்தான். ஏற்றி முடித்ததும் பூட்ஸைக் கழற்றாமலே மாவட்ட அலுவலகத்துக்கு நடந்தான். இரண்டு நாள் காத்திருக்க வைத்தார்கள். மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு, குமாஸ்தா கதவைத் திறந்து, "யாவோர் அலோய்ஸ்!" என்று கத்தினான். யாரும் எழவில்லை. இரண்டாம் தடவை கத்தினான். அலோய்ஸ் எழுந்தான். முதல் கூப்பாட்டுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் என்ன நினைத்தான் என்று வ்லஸ்தாவிடம்கூட அவன் சொன்னதில்லை. பெண்டாட்டி பிள்ளை பேரும் அவனோடு மாறியதால் யாவோர் ஒரே மூச்சில் மூன்று சாண் ஏறியது. எதிர்மலைக்கு மேல் சேவல் தகர நகம் வரைக்கும் தெரிந்தது. கூட வேலை பார்த்தவர்கள் கிரேன் கொக்கியில் ஒரு பூப்போட்ட பாவாடையைக் கட்டி வைத்தார்கள். அவன் ஒரு வாரம் அதை அவிழ்க்காமலே கல் தூக்கினான். அதற்குப் பிறகு யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

மூன்று வாரம் கழித்து முழங்கால்வரை சேறு காய்ந்த கால்சட்டையோடு ஒரு பெரியவர் பஸ்ஸிலிருந்து இறங்கினார். பேர் ப்ரோகோப் குபாத். தெற்கே ஏரிகளுக்கு நடுவில் இருக்கிற குபாதோவ் ஊர்க்காரர். வாசலில் நின்று, "இங்க புதுசா யாவோர் ஆனவன் யாருப்பா?" என்று கேட்டார். "செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு மூணு சாண் இறங்கிட்டோம். சாவுன்னா ஒரு சாண்தான். மூணும் ஒண்ணா இறங்கினா எவனோ குடும்பத்தோட போயிட்டான்னு அர்த்தம். ஆபீஸ் ஆபீஸா விசாரிச்சு வந்தேன்."

யாவோர்க்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். முந்நூறு வருடமாக ஊர் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்தவர்களுக்கு, வேறு மண்ணுக்கும் அதன் ஆட்கள் உண்டு என்பது ஒருநாளும் தோன்றியதில்லை.

"திட்ட வந்தீங்களா பெரியப்பா?" என்றான் அலோய்ஸ்.

"மூஞ்சியைப் பாக்க வந்தேன். பாத்தாச்சு. எங்க ஊரு மூக்குதான்." உட்கார்ந்து இரண்டு கிண்ணம் சூப்பும் நாலு மாவு உருண்டையும் சாப்பிட்டார். "கோழிக்கூட்டை மேல ஏத்திட்டோம். வாத்துக்கு ஒண்ணும் வருத்தமில்ல. அக்டோபர்ல ஏரியை வடிச்சு மீன் பிடிக்கிற ரெண்டு வாரம்தான் சங்கடம். வலை இழுக்க நிக்கிறதுக்குக் கரை இருக்காது. ஒரு சாண் இருந்தாப் போதும். நீ மட்டும் வந்து நில்லேன். அங்க உன்னை யாரும் யாவோர்னு கூப்பிட மாட்டாங்க."

அலோய்ஸ் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் அடுப்பைப் பார்த்தாள். "தடிச்ச காலுறை எடுத்துட்டுப் போ," என்றாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு அக்டோபரிலும் அவன் குபாதோவுக்குப் போனான். கரையில் நின்று வலை இழுத்தான். "டேய் குபாத்!" என்று கூப்பிட்டால் திரும்பினான். அங்கே கரை ஒரு சாண் மேலே வரும், இங்கே யாவோர் ஒரு சாண் இறங்கும். மண் காகிதத்தைப் படிப்பதாகத் தெரியவில்லை. முதல் சில வருடம் வ்லஸ்தாவின் தரை நனையவில்லை. அப்புறம் இளசுகள் நகரத்துத் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள், இரண்டு பெண்கள் வெளியே கட்டிக்கொண்டார்கள். எட்டாம் வருடம் தண்ணீர் மறுபடியும் வாசற்படிக்குச் சமமாக நின்றது. எனவே அந்த இரண்டு வாரமும் வ்லஸ்தாவின் சமையலறையில் ஒரு சாண் தண்ணீர் நின்றது. போகாதே என்று அவள் சொல்லவில்லை. மாவுப் பெட்டியை மேசைமேல் வைத்து, ஆனெஷ்காவைப் பெஞ்சில் காலைத் தொங்கவிட்டுப் பாடம் எழுத வைத்து, பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு சமைத்தாள்.

ஹெத்விகா கைத்தடியோடு கல்வரிசைக்கு வெளியே நின்றாள். "எப்ப வர்றானாம்?"

"ஞாயித்துக்கிழமை. மீன் கொண்டுவருவான்."

"உன் அடுப்படியிலயே ரெண்டு நீந்துதேடி."

"அது பாட்டுக்கு இருக்கட்டும் சித்தி. இதுங்க நம்ம ஊருது."

வ்லஸ்தா ஒரு விறகை அடுப்புக்குள் தள்ளினாள். தண்ணீர் அடுப்பு வாய்க்கு நாலு விரல் கீழே நின்றது. அக்டோபரில் அது அங்கேதான் நிற்கும்.