மூவாரில் நடக்காத நாள்

தைப்பூசத்துக்காக ஜொகூர் பாருவிலிருந்து பத்துமலைக்கு நடந்துகொண்டிருந்த கூட்டம் மூவார் கோயில் மண்டபத்தில் பைகளை இறக்கியதும், குழுத் தலைவர் சதாசிவம் கையைத் தட்டினார்.

"நாளைக்கு யாரும் நடக்கப் போறதில்ல. துணி துவைங்க, ஊரச் சுத்திப் பாருங்க. ஆத்தோரம் மீன் சுடுற வாசம் வரும், மூக்கப் பொத்திக்குங்க. விரதம்லா!"

மறுநாள் காலை பழைய கடைவீதிகளையும் ஆற்றங்கரைப் பள்ளிவாசலையும் பார்க்க எல்லாரும் கிளம்பிப் போனார்கள். உலு திராம் ஊரிலிருந்து வந்திருந்த வாசுகி மட்டும் மண்டபச் சுவரில் சாய்ந்து காலை நீட்டியிருந்தாள். குதிகாலில் கொப்புளம் உடைந்து, செருப்புப் படவே விடவில்லை.

ஒரு பேசினில் வெந்நீரும் உப்புமாக லோஷினி வந்தாள். வாசுகியின் மருமகள், மருமகளாக இருந்தவள். வாசுகியின் மகன் யுகேந்திரனும் அவளும் போன வருடம் விவாகரத்து வாங்கிக்கொண்டார்கள். அடிதடி இல்லை, பெரிய சண்டைகூட இல்லை. ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். அவன் பினாங்குக்கு மாற்றலாகிப் போனான். கல்யாணமான வருடத்திலிருந்து மாமியாரும் மருமகளும் சேர்ந்தே இந்த யாத்திரை வருவார்கள். இந்த வருடம் அவள் வரமாட்டாள் என்றுதான் வாசுகி நினைத்திருந்தாள். ஆனால் புறப்படும் நாளன்று லோஷினி மஞ்சள் சேலையில் கோயில் வாசலில் நின்றாள். வழியெல்லாம் இருவரும் தள்ளித் தள்ளியே நடந்தார்கள்.

லோஷினி உட்கார்ந்து, வாசுகியின் காலை எடுத்து மடியில் வைத்தாள்.

"ஐயோ, காலத் தொடாதம்மா."

"தீபாவளிக்குத் தீபாவளி இந்தக் கால்லதான விழுந்தேன்? இப்ப மட்டும் என்னவாம்? சும்மா இருங்க அத்தே."

அத்தே என்று அவள் வாயில் வந்ததும் வாசுகி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது.

சாயங்காலம் கட்டுப் போட்ட காலோடு, லோஷினியின் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஆற்றங்கரைக்குப் போனாள். இருவரும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஆறு அகலமாக, பழுப்பாகக் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

"அத்தே, உங்ககிட்ட ஒன்னு சொல்லணும். அதுக்குத்தான் வந்தேன்."

"சொல்லு."

"ஒருத்தர் இருக்காரு. குணாளன். சாஆ ஊர்க்காரரு. சிங்கப்பூர்ல என் கிளினிக்குக்குப் பக்கத்து ஆபீஸ். ஜூன்ல கல்யாணம். வேற யாராவது சொல்லி நீங்க கேட்கக் கூடாதுன்னு..."

தன் பிள்ளையும் இவளும் மறுபடி சேர வேண்டும் என்றுதான் வாசுகி இந்த வருடம் நேர்ந்துகொண்டிருந்தாள். பொந்தியான் ஊரைத் தாண்டி வெயிலில் நடக்கும்போதெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். இனி பத்துமலைப் படியில் ஏறி நின்று என்ன கேட்பது? ஒரு படகு அக்கரைக்குப் போய்ச் சேரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லோஷினி விரலைப் பிசைந்தாள். "கோவமா?"

"அவன் நல்லா சமைப்பானா?"

"என்ன?"

"இல்ல, ஒனக்குச் சோறு வடிக்கவே தெரியாது. அவனுக்கும் தெரியலன்னா ரெண்டு பேரும் என்னத்தத் தின்பீங்க?"

லோஷினி சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. வாசுகி அவள் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"அலமாக், போதும்லா. ரோட்ல போறவங்கல்லாம் பாக்குறாங்க."

"கல்யாணத்துக்கு வருவீங்களா? அவரு கேட்கச் சொன்னாரு."

"நான் அங்க யாருன்னு சொல்லிக்கிட்டு வர்றது?"

"அதான் எனக்கும் தெரியல அத்தே. ஆனா நீங்க வரணும்."

"பாக்கலாம்," என்று எழுந்தாள் வாசுகி. "பூஜைக்கு மணியாச்சு, வா."

கோயிலில் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு ஐயர், "யார் பேருக்கும்மா?" என்று கேட்டார்.

"யுகேந்திரன், சுவாதி. என் மகன்." வாசுகி கொஞ்சம் நிறுத்தினாள். "இன்னொரு தட்டு தனியா வாங்கியிருக்கேன். லோஷினி, ரோகிணி. குணாளன்..." திரும்பிப் பார்த்தாள். "அவன் நட்சத்திரம் என்ன?"

லோஷினி திகைத்து நின்றாள். "தெரியாதே!"

"கல்யாணம் கட்டிக்கப் போறே, நட்சத்திரம் தெரியாதா? போனப் போட்டுக் கேளு."

"இப்பவா? சாமி முன்னாலயா?"

"வெளிய போய்க் கேளு. ஐயர் நிப்பாரு."

லோஷினி பிரகாரத்துக்கு ஓடினாள். குணாளனோ தன் அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாராம். ஐயர் தட்டோடு காத்திருந்தார். கடைசியில் அங்கிருந்தே குரல் வந்தது:

"உத்திரட்டாதியாம் அத்தே!"

"உத்திரட்டாதி," என்று ஐயரிடம் தெளிவாகச் சொன்னாள் வாசுகி. அந்த இரண்டு பெயர்களையும் சேர்த்து அவர் முருகனிடம் சொன்னபோது அவளுக்கு உள்ளுக்குள் வலிக்கத்தான் செய்தது. அந்த வலியோடேயே கையைக் கூப்பினாள். மூச்சிரைக்க ஓடி வந்த லோஷினி, பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.