எகெம்மா என்கிற புருஷன்

எகெம்மாவுக்குக் கோபம் வந்தால் எண்ணெய்ச் சந்தையே ஒதுங்கி வழிவிடும். அன்றைக்கு அவள் சந்தையிலிருந்து வீட்டுக்குப் போகாமல், தலையில் காலிக் குடத்தோடும் வாயில் வசவோடும் நேராக மிஷன் கோவிலுக்கு நடந்தாள். உபதேசியார் எலையா அவளுடைய பெண்டாட்டியைப் பார்த்து, “உனக்குப் புருஷனே கிடையாது” என்று சொல்லிவிட்டாராம். எந்தப் புருஷன் பொறுப்பான்?

பெண்ணுக்குப் பெண்டாட்டியா என்று வாயைப் பிளக்காதீர்கள். எங்கள் பக்கத்தில் இது நடக்கிறதுதான். எகெம்மாவைக் கட்டியவன் பிள்ளையில்லாமல் போய்ச்சேர்ந்தான். அவள் மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிற ஆளா? செம்பனை எண்ணெய் விற்றுக் கையை ஊன்றி எழுந்தாள். பக்கத்து ஊருக்குப் போய்ப் பரிசம் போட்டு, உரெதியாவைக் கட்டிக் கூட்டிவந்தாள். பரிசம் போட்டவர்தான் புருஷன், பிறக்கிற பிள்ளைகள் அவருடைய பிள்ளைகள். கள் இறக்குகிற அமாடி அந்த வீட்டுக்கு வந்து போனது ஊருக்கே தெரியும். ஆனால் அந்த வாசலில் நின்று “என் பிள்ளை” என்று அவன் ஒரு நாளும் சொன்னதில்லை, சொல்ல அவனுக்குப் பைத்தியமா? எட்டு வயது அடாகு எகெம்மாவை “அப்பா” என்றுதான் கூப்பிடுவாள். இடுப்புக் குழந்தை இபேயும் அதையேதான் மழலையில் சொல்வான். இந்தக் கட்டு சாவால்கூட அறுபடாது. புருஷன் செத்தாலும் பெண்டாட்டி அந்த வீட்டுக்காரிதான், பிள்ளைகள் செத்தவர் பேரில்தான் வளரும்.

எகெம்மா கோவிலுக்குள் நுழைந்தபோது எலையா கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“யாரைக் கேட்டுய்யா என் பெண்டாட்டிக்குப் புருஷன் இல்லேன்னு சொன்னீரு?”

“அம்மா, கொஞ்சம் உட்காருங்க. உரெதியா ஞானஸ்நானம் வாங்கணும்னா ஒரு ஒழுங்கு இருக்கு. ஒரு ஆளுக்கு ஒரு பெண்டாட்டிதான்.”

“நான் என்ன ரெண்டா வச்சிருக்கேன்? ஒண்ணே ஒண்ணு! எங்க ஊர்ல அஞ்சு ஆறுன்னு அடுக்கி வச்சிருக்கானுங்க, அவனுங்ககிட்டப் போய்ச் சொல்லும்!”

எலையாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் நாலு ஊர் தள்ளிப் பிறந்தவர்தான். அவருடைய சின்னத்தாத்தா வீட்டிலும் இப்படி ஒரு பெண் புருஷன் இருந்ததுண்டு. சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

“எனக்குப் புரியுதும்மா. பாதிரியாருக்குப் புரியாது. அவர் கணக்குல மூணே வகைதான். கன்னி, விதவை, கோவில்ல மோதிரம் மாத்தினவ. உரெதியா இதுல எதுவுமில்லை. ஒண்ணு அந்த அமாடியைக் கோவில்ல கட்டிக்கட்டும். இல்லேன்னா, ‘எனக்குப் புருஷன் இல்லை, இருந்ததும் இல்லை’ன்னு சபையில சொல்லட்டும். ஞாயித்துக்கிழமை கேப்பாங்க.”

எகெம்மா இரண்டு வழியையும் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். முதல் வழியில் பிள்ளைகள் கள் இறக்குகிறவன் வீட்டுக்குப் போய்விடும். இரண்டாவது வழியில் பரிசமே இல்லையென்று ஆகிவிடும், பிள்ளைகள் யாருக்கும் இல்லை. எப்படிப் பார்த்தாலும் அவள் வாசல் வாரிசில்லாமல் அடைபட்டுப்போகும்.

வீட்டில் உரெதியா உரலில் கிழங்கு இடித்துக்கொண்டிருந்தாள்.

“ஏன்டி, நான் உனக்கு என்னடி குறை வச்சேன்? அங்க போய்த் தண்ணி வாங்கினாத்தான் உன் உடம்பு குளிருமா?”

உரெதியா உலக்கையைச் சுவரில் சாத்தினாள். “குறை ஒண்ணும் இல்லைங்க. அந்த ரெண்டும் எங்க இருக்குன்னு தெரியணும் எனக்கு.”

எந்த இரண்டு என்று எகெம்மாவுக்குத் தெரியும். இபேக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் பிறந்து, உட்காரப் பழகுமுன் ஒன்றன்பின் ஒன்றாய்ப் போயின. குறிசொல்கிறவன் வந்து பார்த்தான். ஒரே பிள்ளைதான் திரும்பத் திரும்பப் பிறந்து ஏய்க்கிறது, புதைக்காதீர்கள், காட்டில் எறியுங்கள் என்றான். மூட்டையை எடுத்துக் கொடுத்தது புருஷன் என்கிற முறையில் எகெம்மாதான். கொடுக்கும்போது முகத்தை அந்தப்பக்கம் திருப்பிக்கொண்டாள். ஐயோ, அந்த மூட்டையின் கனமே இல்லாத கனம் இன்னும் அவள் கையில் இருந்தது.

“எலையா ஐயா சொல்றாரு, ரெண்டும் கடவுள் மடியில இருக்காம். ஏய்க்கிற பிள்ளைங்க இல்லையாம். ஞானஸ்நானம் வாங்கினா நான் போய்ப் பார்க்கலாமாம்.”

“அதுக்கு என்னை இல்லேன்னு சொல்லுவியா?”

“சொல்ல மாட்டேங்க.” உரெதியா மறுபடி உலக்கையை எடுத்தாள். “நான் ஞாயித்துக்கிழமை போகல. விடுங்க.”

எகெம்மா ஜெயித்துவிட்டாள். ஜெயித்தவளுக்குச் சோறுதான் இறங்கவில்லை. உரெதியா அழுது புரண்டிருந்தால் ஒரு அதட்டுப் போட்டு அடக்கியிருப்பாள். அவளோ பெருக்கினாள், எண்ணெய் காய்ச்சினாள், கூப்பிட்ட குரலுக்கு “என்னங்க” என்று வந்து நின்றாள். உரலடியில் எப்போதும் முணுமுணுக்கிற பாட்டு மட்டும் இல்லை. மூன்று நாள் அந்தப் பாட்டில்லாத உலக்கைச் சத்தத்தைக் கேட்டு எகெம்மாவுக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

நாலாம் நாள் சொன்னாள்: “நாளைக்குக் கோவிலுக்குப் போ. புருஷனைப் பத்திக் கேட்டா நீ வாயைத் திறக்காதே. நான் பேசிக்கறேன்.”

ஞாயிற்றுக்கிழமை கோவிலில் கூட்டம். எகெம்மா பிள்ளைகளோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். வெள்ளைக்காரப் பாதிரியார் என்னவோ கேட்டார், எலையா அதை எங்கள் பேச்சில் திருப்பினார்.

“உரெதியா, உனக்குப் புருஷன் உண்டா?”

உரெதியா தலையைக் குனிந்துகொண்டாள். கோவில் மொத்தமும் கழுத்தை நீட்டியது. எகெம்மா எழுந்தாள்.

“இருந்தாரு. பரிசம் போட்டு முறையாக் கட்டின புருஷன். செத்துட்டாரு.”

எலையாவுக்கு உடனே விளங்கிவிட்டது. போன வாரம் இதே இடத்தில் நின்று கத்திய புருஷன் இன்றைக்குத் தன் வாயாலேயே தன்னைச் சாகடித்துக்கொள்கிறாள். புருஷன் செத்தால் இவள் விதவை, தண்ணீர் ஊற்றலாம். அதே சமயம் செத்தவர் பிள்ளைகள் செத்தவர் வீட்டிலேயேதான் இருக்கும்.

பாதிரியார் பொறுமையில்லாமல் என்ன என்றார். எலையா எகெம்மாவைப் பார்த்தார், அவள் தோளில் தூங்குகிற இபேயைப் பார்த்தார், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

“விதவையாம், ஐயா” என்றார்.

தண்ணீர் விழுந்தது. உரெதியாவுக்கு மார்த்தா என்று பேர் வந்தது.

“அப்பா, யாரு செத்தது?” என்று அடாகு எகெம்மாவின் துணியை இழுத்தாள்.

“இனிமே என்னை அப்பான்னு கூப்பிடாதே.”

“பின்ன எப்படிக் கூப்பிடறது?”

அதை எகெம்மா யோசித்து வைத்திருக்கவில்லை. எழுந்து, பிள்ளைகளை உரெதியாவிடம் விட்டுவிட்டு, சந்தைப்பக்கம் போய்விட்டாள். வெயில் சாய்கிறவரை யாரிடமும் பேரம் பேசாமல் கடையில் உட்கார்ந்திருந்தாள். அவள் பேரம் பேசாத நாள் என்று அதை இன்னும் சொல்லிக்கொள்கிறார்கள்.

வீடு திரும்பியபோது உரெதியா அடுப்படிச் சாம்பல் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தாள். கிழிந்த பழந்துணி கட்டியிருந்தாள். தலை மழுங்கச் சிரைத்திருந்தது.

“அடிப்பாவி! என்னடி கோலம் இது?”

“என் புருஷன் செத்துட்டாரு. ஊர்கூடியிருந்த இடத்துல சொன்னாங்க.”

“அது அவங்க காதுக்காகச் சொன்னதுடி, முட்டாளே!”

“மண்ணு மேல நின்னுதானே சொன்னீங்க? அந்த மண்ணா இருக்கிற ஆலாத் தாய்க்குக் காது இல்லையா?” உரெதியா அமைதியாகத்தான் பேசினாள். “துக்கம் காக்கலேன்னா நீங்க சொன்னது பொய்யாப் போயிடும். பொய்யாப் போனா நான் யாரு, பிள்ளைங்க யாரு பிள்ளைங்க? ஒரு வருஷம் உட்காருவேன். நாளைக்கு யாரும் வந்து, உனக்குப் புருஷனே இல்லைன்னு சொல்லக்கூடாது.”

எகெம்மா திட்ட வாயெடுத்தாள். ஒரு வசவும் வரவில்லை, கண்ணீர்தான் வந்தது.

புதிதாய்ப் புருஷனை இழந்து துக்கம் காக்கிறவள் முதல் நாலு நாள் தன் கையால் சோறு தொடக்கூடாது. ஏற்கெனவே புருஷனைப் பறிகொடுத்தவள் ஒருத்திதான் ஊட்டவேண்டும். தன் புருஷன் போனபோது யாரோ ஊட்டிய அந்த முதல் உருண்டை எகெம்மாவுக்கு ஞாபகம் வந்தது.

அவளே கிழங்கை வேகவைத்தாள், இடித்தாள். கசப்புக்கீரைச் சாறு வைத்தாள். சமைத்து எத்தனை வருஷமாயிற்று! சட்டியோடு தரையில் உட்கார்ந்து, உருண்டை பிடித்து, சாற்றில் தோய்த்து நீட்டினாள். உரெதியா வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள்.

“உப்பு பத்துதா?”

“கொஞ்சம் கம்மிதாங்க.”

“செத்தவ கை சமையல் அப்படித்தான் இருக்கும், தின்னு.”

உரெதியா சிரித்தபடியே அழுதாள். வாசற்படியில் நின்ற அடாகு உள்ளே வரலாமா என்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அப்பா, எனக்கு?”

எகெம்மா அவளை அதட்டவில்லை. அடுத்த உருண்டையைப் பிடித்தாள்.