குறுக்கே போட்ட கம்பி

வயர்மேனுக்குக் கை சும்மா இருக்காது. யார் வீட்டுக்குப் போனாலும் நாலு ஸ்விட்சைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். அப்பேர்ப்பட்ட மனிதரைத் தங்கை தன் சமையலறையில் தனியாக விட்டுப் போனாள், அதுவும் மாமியார் வரப்போகிற நேரத்தில். விளங்குமா?

பிரசவத்துக்குப் பின் வந்த காய்ச்சலில் தங்கைக்கு இரண்டு காதும் போய்விட்டது. பேச்சு போகவில்லை. எதிரே இருப்பவரின் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வாள். வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பிவிட்டால் அவளும் கைக்குழந்தையும்தான். "அழுதா இவளுக்குக் கேக்காது. பிள்ளைய நான் தூக்கிட்டுப் போய் வளக்கிறேன்" என்று மாமியார் ஒற்றைக்காலில் நின்றார். அதற்காகவே அவள் வீடியோ பார்த்துப் பார்த்து ஒரு சின்னப் பெட்டி செய்திருந்தாள். தொட்டில் பக்கத்தில் மைக். குழந்தை அழுதால் சமையலறைச் சுவரில் சிவப்பு எல்.இ.டி. எரியும். மாமியார் இன்று அதைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வார்.

"என்னம்மா இது, அழுது வடியுது?" என்றார் வயர்மேன், அவள் கைதட்டி எரியவிட்டுக் காட்டிய விளக்கைப் பார்த்து. "உன் மாமியாருக்குக் கண்ணு வேற மங்கல்."

"அவ்வளவுதான் எரியணும்ணே. எல்.இ.டி.க்குப் போதும்னு சொல்லத் தெரியாது. குடுக்கக் குடுக்க வாங்கிக்கிட்டுக் கருகிடும். அதான் நடுவுல இந்த ரெசிஸ்டர், கரண்டை அடக்கி விடுது."

"சரிதான், எனக்கே பாடமா!" என்று சிரித்தார். அவள் குழந்தையைக் குளிப்பாட்டப் போனாள்.

அவர் தொழிலில் விளக்கு மங்கினால் வழியில் எங்கோ கோளாறு என்று அர்த்தம். அதைத் தாண்டி நேராக ஒரு ஒயர் இழுத்தால் தீர்ந்தது. பெட்டியைத் திறந்தார். ரெசிஸ்டரின் இரண்டு முனையையும் சேர்த்துச் செம்புக் கம்பி ஒன்றைச் சுற்றினார். மூடினார். தங்கைமேல் பாசம்தான், யார் இல்லையென்றது?

மாமியார் வந்ததும் வயர்மேன் தொட்டிலருகே போய்க் கைதட்டினார். சுவரே சிவக்கிற மாதிரி விளக்கு எரிந்தது. "அடேயப்பா!" என்றார் மாமியார். தங்கை ஒரு கணம் புருவத்தைச் சுருக்கினாள். மாமியார் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. வயர்மேன் விட்டாரா? தட்டிக்கொண்டே இருந்தார். விளக்கு எந்தத் தட்டலோடு நின்றதென்று யாரும் கவனிக்கவில்லை.

பிறகு குழந்தை தூங்கியது. தங்கை சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து காய் நறுக்கினாள்.

உள்ளே குழந்தை அழுதது. விளக்கு எரியவில்லை. மாமியார் கையைக் கட்டிக்கொண்டு மருமகளையே பார்த்தார். அழுகை வீறிடலானது. தங்கை நிமிர்ந்து, இருண்டு கிடந்த விளக்கை ஒருமுறை பார்த்துவிட்டு மாமியாரிடம் சிரித்தாள்.

"இது இருக்கிறவரைக்கும் எனக்குப் பயமே இல்ல அத்தை" என்றாள்.

வயர்மேன் துள்ளி எழுந்தார். ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கி வந்தார். அழுதழுது சிவந்திருந்த அந்த முகத்தைப் பார்த்ததும் தங்கையின் கை நின்றது.

"இதுக்குத்தாம்மா சொன்னேன்" என்றார் மாமியார், கோபமில்லாமல்.

"நான்தான் எதையோ தப்பா சேத்துட்டேன் போல. மன்னிச்சிடுங்க அத்தை." அவள் அழவில்லை. கொடியிலிருந்து குழந்தையின் சட்டைகளை எடுத்து மடித்துப் பைக்குள் வைக்க ஆரம்பித்தாள்.

வயர்மேனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. சீ, இதுவும் ஒரு பிழைப்பா! தலை தானாகக் கவிழ்ந்தது. குழந்தையை மார்போடு அணைத்தபடி தரையைப் பார்த்துச் சொன்னார்:

"நான்தான். குறுக்கே கம்பி போட்டுக் கருக்கினது நான். அவ செஞ்சது சரியாத்தான் இருந்துச்சு."

மாமியாருக்குக் கேட்டது. பையிலிருந்த சட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவைத்தார். தங்கை ஒன்றும் புரியாமல் அவரைப் பார்த்தாள். பிறகு அண்ணனிடம் வந்தாள்.

"ஏதாவது சொன்னீங்களாண்ணே? குனிஞ்சுக்கிட்டுச் சொன்னா எனக்கு எப்படித் தெரியும்? முகத்தைக் காட்டிச் சொல்லுங்க."

வயர்மேன் தலையை நிமிர்த்தினார். அவள் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.