நாலாவது ஊசி

காலை ஏழு மணிக்குக் கிரேன்காரர் தன் கிரேன் கோபுரத்தின் நாலாவது தட்டில் நின்று மூச்சு வாங்குவதுபோல் பாவனை செய்தார். மூச்சுக்கு ஒன்றுமில்லை. வலது முழங்கால்தான் அடுத்த படிக்கு வரமாட்டேனென்று சண்டித்தனம் செய்தது. உச்சியிலிருக்கும் கண்ணாடி அறைக்கு இன்னும் எண்பது படி. கீழே சிக்னல்காரர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். விசில் என்றால்தான் அந்தக் கட்டுமான இடத்தில் அவரைத் தெரியும். வாக்கி-டாக்கி கரகரத்தது.

"என்னண்ணே, நடுவழியில கடை போட்டுட்டீங்களா?"

"வெயில் காயுறேன்யா" என்றார் இவர்.

முதல் ஊசி போட்டபோது மந்திரம் மாதிரி இருந்தது. மூட்டுக்குள் ஸ்டீராய்டு இறங்கிய நாலாம் நாள், இருபது வயசுக் காலைக் கடன் வாங்கி மாட்டிக்கொண்டதுபோல விறுவிறுவென்று ஏறினார். அது நாலு மாதம் தாங்கியது. இரண்டாவது ஊசி இரண்டு மாதம். மூன்றாவது, மூன்று வாரம்தான். அதிலும் முதல் வாரம் சர்க்கரை ஏறிக் கண் மங்கியதை அவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

நேற்று நாலாவதுக்காகப் போய் உட்கார்ந்தார். கூடவே மனைவியும் வந்திருந்தாள். டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"ஏழு மாசத்துல மூணு ஆயிடுச்சு. இப்ப போட மாட்டேன். இந்த மருந்து வலியையும் வீக்கத்தையும் கொஞ்ச நாள் அமுக்கும், அவ்வளவுதான். தேய்ஞ்சது வளராது. அடிக்கடி போட்டா மிச்சமிருக்கிற குருத்தெலும்பும் சீக்கிரம் தேயலாம்."

"ஜெல் ஊசின்னு ஒண்ணு சொல்றாங்களே?"

"சிலர் நல்லா இருக்குன்றாங்க. ஆராய்ச்சில பாத்தா, வெறும் உப்புத்தண்ணி ஊசிக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. நான் ஆசை காட்ட மாட்டேன். தொடைக்குப் பயிற்சி பண்ணுங்க, எடையக் குறைங்க. முடியாதப்போ ஆபரேஷன். வேலையில படி ஏறணுமா?"

"கொஞ்சம். ஆபீஸ் மாடியிலங்க."

மனைவி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் பேசினாள். "அங்க நான் வாயைத் திறந்திருந்தா உங்க சோத்துல மண்ணள்ளிப் போட்டவ ஆயிருப்பேன். திறக்காததால உங்களைக் கொல்றவ ஆயிட்டேன். எதுவா இருக்கட்டும்னு நீங்களே சொல்லுங்க."

அவர் கண்ணில் வேலையிடத்து வாசல்தான் நின்றது. இடுப்பு போன இன்னொரு கிரேன் ஆபரேட்டரை அங்கே காவலில் உட்கார வைத்திருந்தார்கள். தினமும் காலையில் அந்த மனிதர் இவருக்குக் கதவைத் திறந்துவிட்டு, கிரேனை மட்டும் பார்க்காமல் திரும்பிக்கொள்வார்.

இன்று பிற்பகல் இரண்டு மணிக்கு, அவர் உச்சி அறையில் இருந்தபோது, காற்று எச்சரிக்கை மணி அலறியது. பலத்த காற்றில் கிரேனின் நீளக் கையைப் பூட்டி வைக்கக் கூடாது; போக்கில் சுற்ற விட்டுவிட்டு ஆள் இறங்கிவிட வேண்டும். கொக்கியை உயர்த்தினார். பிரேக்கை விடுவித்தார். எழுந்தார். முழங்காலுக்குள் ஏதோ சிக்கிக்கொண்டது. நீட்டவும் வரவில்லை, மடக்கவும் வரவில்லை. இருக்கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை முயன்றார். கண்ணில் பூச்சி பறந்தது.

"அண்ணே, இறங்குங்க."

"தோ."

"பத்து நிமிஷமா 'தோ, தோ'ன்றீங்க!"

சூப்பர்வைசரின் குரல் குறுக்கே வந்தது. "என்ன பெரியவரே, மயக்கமா? மயக்கம்னா சொல்லுங்க."

தப்பிக்க ஒரு சந்து கிடைத்தது. மயக்கம் யாருக்கும் வரும். இரண்டு நாள் ஓய்வு கொடுத்துத் திரும்பவும் ஏற்றிவிடுவார்கள். திரும்பவும் இதே ஏணி. வாக்கி-டாக்கியின் பொத்தானை அமுக்கினார். அந்த அலைவரிசையில் மொத்த இடமும் கேட்டுக்கொண்டிருந்தது.

"மயக்கமில்ல. முழங்காலு. ஏழு மாசமா ஊசி போட்டுத்தான் ஏறுறேன். இப்ப என்னால இறங்க முடியல."

வாக்கி-டாக்கி கரகரத்தது. "காத்து அடங்குற வரைக்கும் ஒருத்தரும் ஏறக்கூடாது" என்று சூப்பர்வைசர் கத்துவது கேட்டது. கீழே மஞ்சள் தொப்பிகள் ஏணியடியில் கூடின.

காற்று கிரேனை மெல்லத் திருப்பியது. தொப்பிகள் நழுவின, ஆளில்லாத காவல் நாற்காலியோடு வாசல் நழுவியது, அடுக்கு வீடுகளும் சாலையும் ஒவ்வொன்றாகக் கண்ணாடியைக் கடந்து போயின. இருக்கைக்கு அடியில், ஏணி இரும்பில், யாரோ ஒருவரின் காலடி அதிர்ந்தது, நின்றது, மறுபடி ஒரு படி ஏறியது.