சிவப்பு நூல் கட்டிய கோழி

1

"அண்ணி, கோழிக்கும் புத்துநோய் வரும், தெரியுமா?"

"இலையில இன்னா இருக்குதுன்னு பாத்துட்டுப் பேசு தம்பி."

1983இல், கள்ளக்குறிச்சியில் ஒரு காதுகுத்து விருந்து. பக்கத்து இலையில் அரங்கநாதன். என் கணவரின் சித்தப்பா மகன், கால்நடை ஆராய்ச்சியாளன். இந்தக் கதை அந்தக் கோழிக் குழம்பில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அவன் ஆராய்ச்சியைச் சொன்னான். நான் அதற்குள் ஒரு கல்யாணத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். (குடும்பக் கதை எழுதுகிறவளிடம் முப்பத்திரண்டு வயதுப் பிரம்மச்சாரி சிக்கினால் வேறு என்ன நடக்கும்?)

2

முதல் தொடக்கம்: 'கல்வராயன் மலையில் மேகம் இறங்கிய மாலையில், சாலம்மாளின் கண்கள் அவனுடைய ஜீப்பை...'

வேண்டாம். அவனிடம் ஜீப் கிடையாது. கச்சிராயபாளையம் வரை பஸ். பிறகு வாடகை சைக்கிள், கேரியரில் ஐஸ் பெட்டி.

இரண்டாவது தொடக்கம்: 'ரெட்ரோவைரஸ் எனப்படுவது...'

இதுவும் வேண்டாம், என் பாணியில் சொல்கிறேன். ஒரு விருந்தாளி வருகிறார். சாப்பிட்டோமா கிளம்பினோமா என்று இல்லாமல், அந்த வீட்டு ரேஷன் கார்டில் தன் பெயரையும் எழுதிவிடுகிறார். அப்புறம் கார்டை நகலெடுக்கும்போதெல்லாம் அவர் பெயரும் கூடவே வரும். கோழியின் செல்லுக்குள் இந்த வைரஸ் செய்வது இதைத்தான். 'வளரு' என்று உத்தரவிடும் வரிக்குப் பக்கத்தில் எழுதிவிட்டால், செல் நிற்காமல் பெருகும், ஈரலெல்லாம் கட்டி. (அரங்கநாதன் இதில் மூன்று தவறு கண்டுபிடிப்பான். அவன் கதைக்குள் நான் புகுந்துகொண்டதையும் சேர்த்தால் நான்கு.)

3

மலையடிவாரத்தில் கோழி வளர்த்து முட்டை விற்றுப் பிழைத்தவள் சாலம்மாள். அவள் அப்பா முனியன் ரத்தப் புற்றுநோயில் போனார். அடுத்த மாதமே அவள் கோழிகளில் பாதி ஈரல் வீங்கிச் செத்தன. கோழியிடமிருந்துதான் அவருக்குத் தொற்றியது என்று ஊர் முடிவுகட்டியது. அதற்குப் பிறகு அவள் முட்டையை யாரும் தொடவில்லை.

"மனுஷருக்குத் தொத்தினதா எங்கயும் நிரூபணம் இல்லம்மா" என்றான் ரத்தம் எடுக்க வந்த அரங்கநாதன். மோர் ஊற்றிய அவள் கை அப்படியே நின்றது.

ரத்தத்தைச் சோதித்துவிட்டு அடுத்த முறை வந்தபோது அவன் ஒரு தவறு செய்தான். வைரஸ் இருந்த பதினோரு கோழிகளுக்கும் அடையாளமாகக் காலில் சிவப்பு நூல் கட்டினான். அந்த ஊரில் அப்படிக் கட்டினால் அது அம்மனுக்கு நேர்ந்துவிட்ட கோழி. வேண்டுதல் நிறைவேறும் வரை கத்தி படக்கூடாது. ஈரலை ஆராய ஒன்றை அறுக்கப் போனபோதுதான் அரங்கநாதனுக்கு அது தெரிந்தது.

"நம்பருக்குப் பதிலா கட்டினேங்க!"

"அது ஆத்தாளுக்குத் தெரியுமா? கத்தியக் கீழ வைங்க சார்" என்றார் பூசாரி பொன்னுரங்கம். "பதினொண்ணு! இந்த ஊர்ல யாரும் இவ்ளோ ஜாஸ்தியா நேந்துக்கினது இல்ல. பாவம், அந்தப் பொண்ணுக்கு இன்னா கஷ்டமோ."

'நான் நேர்ந்துகொள்ளவே இல்லை' என்று சாலம்மாள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. எட்டு மாதம் அவன் வந்துவந்து போனான். ஒவ்வொரு முறையும் "சார்..." என்று ஆரம்பிப்பாள். பிறகு, "ஒண்ணுமில்ல, மோரு குடிங்க."

4

முடிவு (அ): அவள் சொல்லத் தயங்கியது காதல். என் வாசகிகளுக்குப் பிடிக்கும். அரங்கநாதனிடம் கேட்டும் பார்த்தேன். "அண்ணி, எனக்குக் கோழி ஈரல்தான் வேணும்" என்றான்.

முடிவு (ஆ): பூசாரி மனம் மாறி... பொன்னுரங்கத்தை எனக்குத் தெரியும். மாறமாட்டார். அந்த வரியை அடித்துவிட்டேன்.

முடிவு (இ): பதினொன்றில் முதலில் நோய் முற்றிய கறுப்புக் கோழி தலையைத் தொங்கப்போட்டுவிட்டது. அறுக்குமுன் செத்து ஈரல் கெட்டுப்போனால் அவனுடைய எட்டு மாத வேலையும் வீண். சாலம்மாள் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சார், நூலு நீங்க கட்டினது. வேண்டுதலு நான் பண்ணிக்கினேன். அது முடிஞ்சா இன்னிக்கே அறுத்துடலாம், ஈரலு உங்களுக்கு."

"இன்னா வேண்டுதலு?"

[நாலு பேர் எதிரில் பேசச் சொன்னாலே அரங்கநாதனுக்குச் சட்டை நனைந்துவிடும். 'நிரூபணம் இல்லை' என்பதற்கும் 'இல்லை' என்பதற்கும் நடுவில் அவன் எவ்வளவு நேரம் நிற்பான் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் அவன் பதிலை நான் எழுதவில்லை, நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் கேட்டதை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துகொள்கிறேன்.]

"இன்னிக்குச் சந்தை. அத்தினி பேரு எதிர்ல நின்னு, எங்கப்பன இந்தக் கோழிங்க சாவடிக்கலன்னு ஒரே ஒரு தபா சொல்லுங்க சார்."